குளுக்கோமீட்டரில் தெரியும் எண்ணை எழுதுவது யார்? ஸ்ட்ரிப்பில் வேலை செய்யும் பாக்டீரியா நொதியின் கதை

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு தடவையாவது போயிருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். கொழுந்து பச்சையாக உள்ளே வருகிறது. அதை வாட்டி, உருட்டி, நசுக்கி, கொஞ்ச நேரம் பரப்பி வைத்தால் செம்பு நிறத்துக்கு மாறிவிடுகிறது. யாரும் சாயம் ஊற்றவில்லை. இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. பிறகு சூடான உலர்த்திக்குள் போனதும் நிறம் மாறுவது நிற்கிறது. சூட்டில் நொதி செயலிழந்துவிட்டது, அவ்வளவுதான்.

நொதி என்றால் என்சைம். ஒரு வேதிமாற்றத்தை வேகமாக நடத்திவைக்கும் புரதம். தான் தேய்ந்து போகாமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ரிங்லெட். அங்கே பல தலைமுறையாகக் கொழுந்தோடு வாழ்ந்த குடும்பங்களுக்கு நொதி என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம், அதன் வேலை நன்றாகவே தெரியும். அதே குடும்பங்களின் அலமாரிகளில் இப்போது இன்னொரு நொதி இருக்கிறது. சின்ன டப்பாவுக்குள், ஐம்பது ஐம்பதாக அடுக்கிய ஸ்ட்ரிப்புகளின் நுனியில், காய்ந்த நிலையில்.

இனிப்புநீர் பார்க்கும் ஸ்ட்ரிப்பைத்தான் சொல்கிறோம்.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது மூன்றில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது. ஆக, இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் விரலைக் குத்திக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்பி மாத்திரையையும் இன்சுலினையும் கூட்டிக் குறைக்கிறோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

ஒரு சொட்டு ரத்தம், ஐந்து வினாடி

ரத்தத்தில் சீனி மட்டும் இல்லை. புரதம், கொழுப்பு, உப்பு, சாப்பிட்ட மருந்து என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் மிதக்கின்றன. அந்தக் கூட்டத்தில் குளுக்கோஸை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்வதற்குத்தான் நொதி. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, தனக்குப் பொருந்தும் பொருளை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும் குணம் அதற்கு உண்டு.

ஸ்ட்ரிப் நுனியில் ரத்தம் பட்டதும் காய்ந்திருந்த நொதி ஈரமாகி விழித்துக்கொள்கிறது. குளுக்கோஸைப் பிடித்து அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் இடையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் வழியாக மின்முனைக்குப் போகின்றன. குளுக்கோஸ் அதிகம் இருந்தால் மின்சாரம் அதிகம். கருவி அந்த மின்சாரத்தை அளந்து 6.8 என்றோ 11.2 என்றோ காட்டுகிறது. மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் "எனக்கு 126" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். அதை 18-ஆல் வகுத்தால் நம்ம கணக்கில் 7.

நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை 1962-இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க்கும் அவருடன் பணியாற்றிய சாம்ப் லயன்ஸும் வெளியிட்டார்கள். அப்போது பேசப்பட்ட நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பின்னாளில் ஸ்ட்ரிப்புகளுக்கு இதை ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையிலிருந்து எடுத்தார்கள். இன்றும் பல ஸ்ட்ரிப்புகளில் அதே நொதிதான்.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. தேயிலை நொதியைப் போலவே அதற்கும் ஆக்சிஜன் மீது ஆசை. எலக்ட்ரான்களை மின்முனைக்கு அனுப்பாமல் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். ஆக்சிஜன் சிகிச்சை பெறும் நோயாளிக்கு இதனால் அளவு குறைவாகக் காட்டலாம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதிகமாகக் காட்டலாம்.

அப்படியென்றால் மலையில்? ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 12 விழுக்காடு குறைவு. பொதுவாக ஸ்ட்ரிப் தயாரிப்பாளர்கள் 3,000 மீட்டர் வரை தங்கள் கருவி சரியாக இயங்கும் என்று உறுதி சொல்வதால், ரிங்லெட்வாசிகள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் கருவியின் எல்லை எவ்வளவு என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். (அந்தக் காகிதத்தை யாரும் படிப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.)

பாக்டீரியா உள்ளே வந்தது எப்படி?

ஆக்சிஜன் தொல்லை இல்லாத நொதி வேண்டும் என்று தேடியபோது கிடைத்தவற்றுள் ஒன்று, அசினெட்டோபாக்டர் கால்கோஅசெட்டிகஸ் என்ற பாக்டீரியாவிடம் இருந்தது. மண்ணிலும் நீரிலும் சாதாரணமாக வாழும் நுண்ணுயிர். அதன் நொதியின் பெயர் குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ். அதனுடன் பி.கியூ.கியூ. என்ற துணைப்பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்து ஜி.டி.எச்-பி.கியூ.கியூ. என்பார்கள்.

தயாரிப்பாளர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஆக்சிஜனைச் சட்டை செய்வதில்லை. மிக வேகமாக வேலை செய்யும். அதனால் கொஞ்சம் ரத்தம் போதும், சில வினாடி போதும். விரலில் ஆழமாகக் குத்தி ஒரு பெரிய சொட்டைப் பிழிந்தெடுத்த காலம் போய், குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் முடிவு வந்தது.

பாக்டீரியா நொதி என்றதும் ஸ்ட்ரிப்பில் கிருமி இருக்கிறதோ என்று சிலர் பதறலாம். இல்லை. நொதி உயிரில்லாத ஒரு புரதம். அதைச் செய்யும் மரபணுவை எடுத்து, பெரும்பாலும் ஈ-கோலை என்ற பாக்டீரியாவின் ஆய்வக வகைக்குள் வைத்து, பெரிய தொட்டிகளில் வளர்த்து, புரதத்தை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எடுக்கிறார்கள். தோசைக்கு அரைத்த மாவு புளித்த பிறகு கல்லில் ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அதைவிடக் குறைவான "கிருமி" விஷயம் இது.

13 மரணங்கள்

இந்தச் சாவிக்கு ஒரு கோளாறு இருந்தது. அது குளுக்கோஸ் பூட்டை மட்டும் திறக்கவில்லை. மால்டோஸ், கேலக்டோஸ், சைலோஸ் போன்ற வேறு சீனிகளையும் குளுக்கோஸ் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது.

பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் கணக்கில் வரும் அளவுக்கு இருப்பதில்லை. அதனால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளிகளிடம் அது இருந்தது: சிறுநீரகம் செயலிழந்து, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்.

இந்த முறையில் வயிற்றுக்குள் ஒரு கரைசலை விட்டு, சில மணி நேரம் வைத்து, கழிவோடு வெளியே எடுப்பார்கள். நீண்ட நேரம் உள்ளே வைத்திருக்கும் கரைசலாகச் சிலருக்கு இகோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் தரப்படுகிறது. அது மாவுச்சத்திலிருந்து செய்யப்படுவது. அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குள் போய் உடைந்து மால்டோஸாக மாறுகிறது. நம் ரத்தத்தில் மால்டோஸை உடைக்கும் வசதி போதாது. அதனால் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கரைசலை நிறுத்திய பிறகும் சுமார் இரண்டு வாரம் வரை பாதிப்பு நீடிக்கலாம்.

இப்போது நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். நோயாளிக்கு உண்மையில் சீனி 3-க்குக் கீழே போய்விட்டது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது. கருவியில் பார்த்தால் 12. "சீனி ஏறியிருக்கு" என்று இன்சுலின் போடுகிறார்கள். இருந்த கொஞ்சமும் இறங்குகிறது. மயக்கம், மூளைப் பாதிப்பு, மரணம்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் இது குறித்துப் பொது எச்சரிக்கை விடுத்தது. 1997 முதல் அதுவரை இந்த வகை ஸ்ட்ரிப்புகளின் தவறான அளவோடு தொடர்புடையதாக 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. அவர்களில் 10 பேர் இகோடெக்ஸ்ட்ரின் கரைசலைப் பயன்படுத்தியவர்கள். கவனிக்க வேண்டியது, இவற்றுள் பெரும்பாலானவை வீட்டில் நடக்கவில்லை. தாதியர்களும் மருத்துவர்களும் சுற்றி இருந்த இடங்களில் நடந்தவை. கருவி பழுதாகவும் இல்லை. அதன் நொதிக்குத் தெரிந்ததை அது செய்தது.

அதன் பிறகு தயாரிப்பாளர்கள் நொதியையே திருத்தினார்கள். மரபணுவில் சில இடங்களை மாற்றி, மால்டோஸ் எளிதில் பொருந்தாதபடி புரதத்தின் வடிவத்தை மாற்றினார்கள். சிலர் பூஞ்சையிலிருந்து வரும் எஃப்.ஏ.டி. வகை நொதிக்கு மாறினார்கள். அதற்கு மால்டோஸ் தொல்லை மிகக் குறைவு. இன்று கடையில் புதிதாக வாங்கும் பல ஸ்ட்ரிப்புகள் இப்படித் திருத்தப்பட்டவை. ஆனால் குளுக்கோமீட்டர் என்பது வீட்டில் எளிதில் தூக்கிப் போடாத பொருள். அண்ணன் கொடுத்தது, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பல வயதுக் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ரிங்லெட்டில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி

டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று முறை மலைப் பாதையில் போய்வருவது சின்ன விஷயம் இல்லை. மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. கீழே இறங்கினால் தாப்பா, அந்த வளைவுகள் எல்லாருக்கும் தெரிந்ததே. இப்படி மையத்திலிருந்து தள்ளி வாழ்பவர்களுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ் ஒரு வரப்பிரசாதம். இனிப்புநீரால் சிறுநீரகம் போனவர்கள்தான் அதில் கணிசமானவர்கள். ஆக, ஒரே வீட்டில் இகோடெக்ஸ்ட்ரின் பையும் குளுக்கோமீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடும்.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், டயாலிசிஸ் தாதியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். "நான் பயன்படுத்தும் பையில் இகோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா?" "என் கருவியின் ஸ்ட்ரிப் மால்டோஸால் ஏமாறக்கூடியதா?" ஸ்ட்ரிப் டப்பாவைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுவது இன்னும் நல்லது. பெட்டியில் நொதியின் பெயர் அச்சாகியிருக்கும். ஜி.டி.எச்-பி.கியூ.கியூ. என்று மட்டும் இருந்து, திருத்தப்பட்ட வகை என்ற குறிப்பு இல்லாவிட்டால், மாற்றும்வரை அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட வேண்டாம். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போகும்போதும் "நான் இகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துகிறேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே எந்த ஸ்ட்ரிப் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதே வழி. அங்கே பெரும்பாலும் ஹெக்சோகைனேஸ் முறை. மால்டோஸ் அதை ஏமாற்றாது. இதிலும் ஒரு பாக்டீரியா உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். ஹெக்சோகைனேஸை ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிறார்கள். அதற்குத் துணையாகச் சேர்க்கப்படும் இரண்டாவது நொதி, பல கிட்டுகளில் லியூகோனொஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுடையது. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான நுண்ணுயிர் அதே இனம்தான். இட்லி சாப்பிட்டதால் சீனி ஏறியதா என்று கண்டுபிடிக்க இட்லி மாவின் பாக்டீரியா உதவுகிறது!

மூடுபனியும் ஸ்ட்ரிப் டப்பாவும்

டயாலிசிஸ் எல்லாம் எங்களுக்கு இல்லை, மாத்திரைதான் என்பவர்களுக்கு அடுத்த விஷயம் முக்கியம். கேமரன் மலையில் துணி காயவே இரண்டு நாள் ஆகும். அந்த ஈரக்காற்று ஸ்ட்ரிப்புக்கு எதிரி.

ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி காய்ந்த நிலையில் தூங்குகிறது. ஈரம் பட்டால் அரைகுறையாக விழித்து, மெல்லக் கெட்டுப்போகும். கூட இருக்கும் வேதிப்பொருளும் ரத்தம் வருவதற்கு முன்பே மாறத் தொடங்கும். விளைவு, கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு பொய் எண். டப்பாவின் மூடியிலோ உள்சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது இதற்காகத்தான். ஸ்ட்ரிப்புகளைப் பிளாஸ்டிக் பைக்கு மாற்றி வைப்பது, மூடியைத் திறந்து வைத்துவிட்டு விரல் குத்துவது, "குளிர்ச்சியா இருக்கட்டும்" என்று பிரிட்ஜில் வைப்பது, மூன்றும் வேண்டாம். பிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்த உடனே உள்ளே ஈரம் படியும். மலையிலிருந்து இறங்கும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போவதும் கூடாது. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது. தேயிலை உலர்த்தியில் நொதிக்கு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரித்துவிட்டுக் கை கழுவாமல் பார்த்தால், அளவு எக்கச்சக்கமாக ஏறியது. ஆல்கஹால் பஞ்சால் ஐந்து முறை துடைத்தும் முழுதாகச் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது. ஸ்ட்ராபெரி விளையும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டின் பால் ஊற்றி தே தாரேக் கலக்கிய கைக்கும் இதே கதைதான். நொதியின் பார்வையில் ரத்தத்துச் சீனி, தோலில் ஒட்டிய சீனி என்ற பேதம் கிடையாது.

காலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் கழுவி, கையை உதறிவிட்டுக் குத்துங்கள். பிழிந்து பிழிந்து எடுத்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்துவிடும். ரத்தசோகை இருப்பவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ரத்தசோகை நம் பெண்களிடம் அபூர்வமான நோய் இல்லை.

"நேத்து 9, இன்னைக்கு 10, ஏறிடுச்சா?"

தெரியாது என்பதே நேர்மையான பதில். குளுக்கோமீட்டர்களுக்கான அனைத்துலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 15197. அதன் 2013 பதிப்பின்படி, அளவு 5.55-க்கு மேல் இருக்கும்போது நூறில் 95 முடிவுகள் ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையான அளவு 10 என்றால், 8.5 காட்டினாலும் 11.5 காட்டினாலும் அந்தக் கருவி தேர்ச்சி பெற்ற கருவிதான். ஒரு எண்ணுக்காக மருந்தை மாற்றாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஒரு வாரத்து எண்களைத் தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று குறித்து எடுத்துப் போனால் கிளினிக்கில் அதற்கு மதிப்பு அதிகம்.

உடம்பு சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் கையைக் கழுவிவிட்டுப் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். நடுக்கமும் வியர்வையும் இருந்து கருவி மட்டும் "நல்லா இருக்கு" என்று சொன்னால், கருவியோடு வாதம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

சீனியோடு நிற்கவில்லை

கிளினிக்கில் கொடுக்கும் மற்ற ரத்தச் சோதனைகளிலும் பாக்டீரியா நொதிகள் ஒளிந்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் சோதனையில் பயன்படும் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாவிடமிருந்து வருகிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் சோதனையின் நொதி முறையில் மூன்று பாக்டீரியா நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ளும். கொழுந்துக் கூடை கைமாறுவது போல.

எல்லாவற்றையும்விடப் பிரபலமானது பி.சி.ஆர். சோதனையின் நொதி. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 70 டிகிரி சூட்டில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்து, 1969-இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். பி.சி.ஆர். முறையில் மரபுப்பொருளைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி முதல் சூட்டிலேயே போய்விடும். இந்த வெந்நீர் பாக்டீரியாவின் நொதி தாக்குப்பிடித்தது. பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டில் நம் கையில் இருப்பது என்னவோ அந்தச் சின்ன டப்பாதான். அதில் இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று அச்சிட்ட காலாவதித் தேதி. இன்னொன்றை நீங்கள்தான் எழுத வேண்டும்: டப்பாவை முதன்முதலில் திறந்த நாள். சில வகை ஸ்ட்ரிப்புகள் திறந்த பிறகு சில மாதங்களே தாங்கும். எத்தனை மாதம் என்பது அந்த டப்பாவிலேயே இருக்கும். வாங்கிய அன்றே பேனாவை எடுத்து மூடியில் எழுதிவிடுங்கள்.